காலை எடுத்தால் தந்தி திரும்பி வரவேண்டும்

நானே செய்த பெடல் ஸ்டீல் கிட்டாரின் மிதியை அழுத்தினேன். பஞ்சமம் வழுக்கிக்கொண்டு போய்த் தைவதத்தில் நின்றது. எட்டு மாத வேலைக்குப் பிறகு முதன்முதலாகக் கேட்ட சத்தம் அது. குசினிக்குள் இருந்து மனைவிகூட எட்டிப் பார்த்தார். காலை எடுத்தேன். தந்தி இறங்கியது, ஆனால் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பழைய பஞ்சமத்தையும் தாண்டி 12 சென்ட் கீழே போய் நின்றது. (ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். 12 என்பது காதுக்கு நன்றாகவே உறுத்தும்.) தந்தியின் தலைப்பக்கத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். "டிக்" என்றது. சுருதி காட்டும் டியூனரின் ஊசி நடுவுக்கு வந்துவிட்டது.

அடுத்த ஒன்றரை வருடம் இந்த "டிக்"கின் பின்னால் அலைந்த கதைதான் இது. பெடல் ஸ்டீல் கிட்டார் (தந்தியை இரும்பால் தடவி, காலால் மிதியை அழுத்திச் சுரத்தை மாற்றும் வாத்தியம்) செய்ய நினைப்பவர்கள் எல்லோரும் சுரத்தை எப்படி ஏற்றுவது என்றுதான் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஏற்றுவதற்கு ஒரு நெம்புகோல் போதும். ஏறியது அதே இடத்துக்கு இறங்கி வருவதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

அப்பாவிடம் ஒரு ஹவாயன் கிட்டார் இருந்தது. சாதாரண கிட்டார்தான், தலைப்பக்கக் கட்டையை உயர்த்தி, மடியில் படுக்கவைத்து, இரும்புத் துண்டால் தந்தியைத் தடவி வாசிப்பார். இலங்கை வானொலியில் அந்த வாத்தியத்தில் பாட்டுப் போனால் வீட்டில் யாரும் பேசக்கூடாது. இந்த வாசிப்பை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாய்த் தீவில் பரப்பியவர் என்று ஜோசப் கெகுக்குவைச் சொல்வார்கள். அதில் ஒரு குறை உண்டு. நேரான இரும்பு எல்லாத் தந்தியையும் ஒரே அளவில்தான் உயர்த்தும். ஒரு தந்தி நிற்க இன்னொன்று மட்டும் நகரவேண்டும் என்றால் கையால் முடியாது. அதற்குத்தான் அமெரிக்கர்கள் காலைக் கொண்டுவந்தார்கள். 1950களில் பட் ஐசக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தி, சுரம் நம் காதுக்கு முன்னால் வளைவதைப் பதிவில் கேட்கவைத்தார். அவர் ஒரே மிதியில் செய்ததைப் பின்னர் படி எமன்ஸும் ஜிம்மி டேயும் இரண்டு மிதியாகப் பிரித்தார்கள். இன்றைக்கும் அந்த இரண்டு மிதிதான் வாத்தியத்தின் உயிர்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரப் பெயரில் வழங்கும் சுருதி முறையில் பத்துத் தந்தி. நான் எட்டோடு நிறுத்திக்கொண்டேன். மேலே உள்ள இரண்டை விட்டுவிட்டால் மீதி இது: ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. ஈயைச் சட்ஜமாக வைத்தால் க, ச, ப, க, ரி, ச, நி, ப. முதல் மிதி இரண்டு பஞ்சமங்களையும் தைவதத்துக்கு ஏற்றும். இரண்டாவது மிதி இரண்டு காந்தாரங்களையும் மத்திமத்துக்கு ஏற்றும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ச-க-ப என்ற கூட்டு ச-ம-த ஆகிவிடும். அதாவது ஈ மேஜரில் இருந்து ஏ மேஜர், இரும்பை அசைக்காமலே. முழங்காலால் தள்ளும் நெம்புகோல் ஒன்றும் வைத்தேன், அது சட்ஜங்களை அரைச்சுரம் ஏற்றும். சுரத்தை இறக்கும் நெம்புகோல்களும் உண்டு. அதற்கு ஒவ்வொரு தந்திக்கும் இரட்டை விரலும் (தந்தியை இழுக்கும் அலுமினியத் துண்டுக்குத்தான் விரல் என்று பெயர்) ஸ்பிரிங்கும் வேண்டும். முதல் வாத்தியத்தில் அந்த வம்பு வேண்டாம் என்று ஒதுக்கினேன்.

உடம்புக்கு மேபிள் மரம் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். திருகோணமலையில் மேபிளுக்கு எங்கே போக? எங்களிடம் முதிரை இருக்கிறது. கனமும் இறுக்கமும் உள்ள மரம், காய்ந்தபின் லேசில் வளையாது. பழைய கட்டில் சட்டம் ஒன்று கிடைத்தது. ஆணி அடித்தால் ஆணிதான் வளைந்தது. எல்லாத் துளைக்கும் டிரில்தான். கால்களுக்கு அரை அங்குல ஜி.ஐ. பைப், மேலே தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிளாஞ். கழற்றி மாட்டலாம்.

தந்தியின் நீளம் 24 அங்குலம். சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரின் 25½ அங்குலத்தையே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்ல காலம், கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேலே இருக்கும் ஜி ஷார்ப்புக்கு 11 தந்தி. 11 என்பது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் பதினொரு பங்குத் தடிப்பு. 24 அங்குலத்தில் அதை அந்தச் சுரத்துக்கு முறுக்கினால் ஏறத்தாழ 12½ கிலோ இழுவை வரும். மிதியை அழுத்தி ஏ சுரத்துக்குக் கொண்டுபோனால் இன்னும் பன்னிரண்டு வீதம் கூடும். உருக்குக் கம்பி தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். நீளத்தை 25½ ஆக்கினால் இதற்கு மேல் இன்னொரு பதின்மூன்று வீதம். அப்படியென்றால் தடித்த தந்தி போட்டால் தாங்காதா என்று கேட்கலாம். தாங்காது. தடிப்புக் கூடினால் பாரமும் கூடும், அதே சுரத்துக்கு இழுவையும் அதே வீதத்தில் கூடும். கம்பிக்குள் இருக்கும் அழுத்தம் மாறவே மாறாது. நீளத்தைக் குறைப்பதுதான் ஒரே வழி. இது விளங்கியபோது ராத்திரி பதினொரு மணி. எழுப்பிச் சொல்ல ஆள் இல்லை.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். தந்தியை எவ்வளவு இழுக்கவேண்டும்? தலைப்பக்கத்து மீதி நீளத்தையும் சேர்த்து 70 சென்டிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், மேல் ஜி ஷார்ப்பை அரைச்சுரம் ஏற்ற அதை 0.86 மில்லிமீற்றர் நீட்டவேண்டும். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் ஜி ஷார்ப்பை அதே அரைச்சுரம் ஏற்ற 0.22 போதும், நாலில் ஒரு பங்கு. இரண்டையும் இழுப்பது ஒரே மிதி, ஒரே தண்டு. ஆகவே தண்டில் இருக்கும் கிரேங்கில் (தண்டோடு சேர்ந்து சுழலும் சிறு கை) 10, 20, 30, 40 மில்லிமீற்றர் தூரத்தில் துளை போட்டு, மேல் தந்திக்குக் கடைசித் துளை, கீழ்த் தந்திக்கு முதல் துளை என்று கொடுத்தேன். கடையில் விற்கும் வாத்தியங்களில் கிரேங்க் முழுக்கத் துளையாக இருப்பதைப் படத்தில் பார்த்து, அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

இனி விரல்கள். தந்தியின் வால்பக்கம் ஒரு வளைந்த அலுமினியத் துண்டின் மேல் ஏறி இறங்கிக் கொக்கியில் மாட்டும். அந்தத் துண்டு ஓர் அச்சில் சுழலும். அச்சுக்கு மேலே 13 மில்லிமீற்றர், கீழே 35. கீழ்நுனியைக் கம்பி இடப்பக்கம் இழுத்தால் மேல்நுனி வலப்பக்கம் சாய்ந்து தந்தியை நீட்டும். கம்பியை விட்டால் தந்தியின் இழுவையே விரலைத் திருப்பிக் கொண்டுவந்து தடுப்பில் முட்டவைக்கும். ஏற்றுவதற்கு மட்டும் என்றால் ஸ்பிரிங்கே தேவையில்லை, தந்திதான் ஸ்பிரிங். 8 மில்லிமீற்றர் அலுமினியப் பட்டையில் எட்டு விரல், இடையில் அரை மில்லிமீற்றர் பிளாஸ்டிக் வளையம், எட்டரை மில்லிமீற்றருக்கு ஒரு தந்தி.

விரல்களை வெட்டியது நான். துளை போட்டது கிண்ணியாவில் லேத் வைத்திருக்கும் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). கையால் போட்டால் எட்டுத் துளையும் ஒரே நேரில் வராது என்பதை நான் இரண்டு செட் அலுமினியத்தை வீணாக்கித் தெரிந்துகொண்டேன். 2009இல் பாலம் வருவதற்கு முன்னால் என்றால் "பாதை" என்ற மிதவைப் படகில் ஏறிக் கடந்து போயிருக்கவேண்டும். இப்போது மோட்டார் சைக்கிளில் போய் வரலாம், ஆனால் நானாவிடம் போய்விட்டுச் சும்மா வர முடியாது. விரல் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, தையல் மிஷினுக்கா?"

"கிட்டாருக்கு நானா."

"கிட்டாருக்கு எதுக்குக் காலு?"

விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு எட்டு விரலையும் ஒன்றாக அடுக்கி இறுக்கி ஒரே தடவையில் துளை போட்டுத் தந்தார். பிறகு துளைகளைச் சீராக்க ரீமர் விட்டார். எட்டும் ஒரே அச்சில் வெண்ணெயில் கத்தி போல ஓடியது. 22 மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் கம்பியில் 8 சென்டிமீற்றர் வெட்டி, ஒரு நுனியை உருட்டி, கையில் பிடிக்கும் இரும்பையும் அவரே கடைந்தார். கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணாடி போல மினுக்கவேண்டும். ஒரு கீறல் இருந்தாலும் தந்தியில் இரைச்சல் கேட்கும்.

இழுக்கும் கம்பிகளுக்குச் சைக்கிள் ஸ்போக். இந்த வேலையில் எனக்குப் பெருமை தரும் ஒரே யோசனை இது. 2 மில்லிமீற்றர் கம்பி, ஒரு நுனி ஏற்கெனவே வளைந்திருக்கும், மறுநுனியில் மரை, அதற்கென்றே செய்த நிப்பிள். வளைந்த நுனியைக் கிரேங்கில் மாட்டி, மரை நுனியை விரலின் துளையால் விட்டு, பின்னால் நிப்பிளைப் போட்டால் முடிந்தது. நிப்பிளைத் திருகினால் விரல் முன்னே பின்னே பிடிக்கும், ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே சுருதி சேர்க்கலாம். ஸ்போக் நீளம் போதாத இடத்தில் இரண்டைச் சேர்த்துப் பித்தளை வெல்டிங். மிதிகள் இரும்புப் பட்டை. செருப்போடு மிதித்தால் எந்த மிதியில் கால் இருக்கிறது என்று தெரியாது, வெறுங்கால்தான் நல்லது.

பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) நான் பட்டது சுத்த முட்டாள்தனம். 42 கேஜ் கம்பி என்று படித்திருந்தேன். மோட்டார் சுற்றும் கடையில் போய் 42 கேட்டேன், தந்தார்கள். தையல் மிஷினின் நூல் சுற்றும் சில்லில் பொருத்திச் சுற்றினேன். சுற்றை எண்ண ஒரு பழைய கல்குலேட்டர்: சமன் பொத்தானுக்கு ரீட் சுவிட்ச் ஒன்றை இணைத்து, சில்லில் ஒரு காந்தத்தை ஒட்டி, 1+1 என்று தொடக்கிவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். இரண்டாயிரத்து ஐந்நூறு வரும்போதே பொபின் நிறைந்துவிட்டது. மல்டிமீற்றர் ஆயிரம் ஓம்கூடக் காட்டவில்லை. அம்ப்ளிபயரில் கொசு பாடியது போல ஒரு சத்தம். விசயம் என்னவென்றால், அமெரிக்கக் கேஜில் 42 என்பது 0.063 மில்லிமீற்றர். எங்கள் கடைகளில் பேசுவது பிரிட்டிஷ் கேஜ். அதில் 42 என்றால் 0.1 மில்லிமீற்றர். நான் கேட்டிருக்கவேண்டியது 46. கடைக்காரர் மேல் பிழையே இல்லை. கேஜ் எண்ணைச் சொல்லாதீர்கள், மில்லிமீற்றரில் கேளுங்கள். 46ஐக் கொழும்பில் இருந்து வரவழைத்து 8,000 சுற்றுச் சுற்றியதும் ஏழரைக் கிலோ ஓம் வந்தது. உள்ளே எட்டு இரும்புத் திருகாணி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு காந்த வில்லை, எல்லாம் ஒரே முனை மேலே. தலைமயிரை விட மெல்லிய கம்பி. ஃபேனை நிறுத்திவிட்டுச் சுற்றவேண்டும். வேர்த்து ஊற்றும்.

தந்திகளுக்கு இரண்டு மூன்று கிட்டார் செட்டை உடைத்துக் கலந்தேன். பத்தில் தொடங்கும் செட்டில் 17, 26, 36 கிடைக்கும். பதினொன்றில் தொடங்குவதில் 11, 14. மிச்சத் தந்திகள் டப்பாவில் கிடக்கின்றன.

சரி, அந்த "டிக்". தலைப்பக்கக் கட்டையை நான் ஒரு இரும்புத் துண்டில் கீறல் போட்டுச் செய்திருந்தேன். மிதித்தால் தந்தி கட்டைக்குப் பின்னால் இருந்து கொஞ்சம் முன்னே வழுக்கும். விட்டால் உரசலில் சிக்கி, வந்த அளவு திரும்பிப் போகாது. வாசிக்கும் பகுதியில் கம்பி கூடிவிடும், ஆகவே சுரம் தாழும். தட்டினால் சிக்கு விடும், "டிக்". பென்சில் கரி தேய்த்துப் பார்த்தேன், 12 சென்ட் 7 ஆனது. ஒரு வாரம் இருந்தது. கடைசியில் திரும்பவும் கிண்ணியா. ஒவ்வொரு தந்திக்கும் ஒரு பித்தளை உருளை, எல்லாம் ஒரு 4 மில்லிமீற்றர் தண்டில். உருளையின் பள்ளத்தைத் தந்திக்குத் தந்தி வேறு வேறு ஆழத்தில் வெட்டவேண்டும். தடித்த தந்தி ஆழமாக உட்கார்ந்தால்தான் எட்டுத் தந்தியின் மேல்முகமும் ஒரே மட்டத்தில் வரும். இல்லையென்றால் இரும்பு ஒன்றைத் தொட்டு மற்றதைத் தொடாது. உருளை போட்டபின் 2 சென்டுக்குள் திரும்பி வந்தது. நானும் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு ரீச்சர் வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். டியூனரில் எல்லா ஊசியும் நடுவில் நிற்க, நான் பெருமையோடு திறந்த தந்திகளை ஒரு தடவு தடவினேன். மதிலுக்கு மேலால் சொன்னார்: "காந்தாரம் ஏறி நிக்குது, கொஞ்சம் இறக்குங்கோ." டியூனர் சரி என்கிறது என்றேன். "அது மிஷினுக்குச் சரி." அவர் சொன்ன அளவுக்கு இறக்கிப் பார்த்தால் டியூனரில் 14 சென்ட் குறைவு. ஸ்டீல் வாசிப்பவர்களும் அதே காந்தாரத்தை அதே அளவுக்கு இறக்கித்தான் வைக்கிறார்கள். இயற்கையான காந்தாரம் அங்கேதான் இருக்கிறது. தம்புராவோடு பாடும் ரீச்சருக்கு அது கணக்கில்லாமல் தெரிந்திருக்கிறது. அப்புறம் தைவதத்தையும் 16 சென்ட் இறக்கி, ச-ம-த கூட்டும் அலையாமல் நிற்கும்வரை நிப்பிள்களைத் திருகினேன்.

அப்போதுதான் அடுத்த வில்லங்கம் தெரிந்தது. இரண்டு மிதியையும் அழுத்தினால், தொடவே தொடாத சட்ஜம் 8 சென்ட் தாழ்கிறது. மிதிக்கும்போது நாலு தந்தியின் இழுவை கூடுகிறது, அந்த இழுவையில் முதிரைப் பலகையே வளைகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஒரு மில்லிமீற்றரில் சின்னஞ்சிறு பங்கு. பலகையின் அடியில், வாலில் இருந்து தலைவரை 25 மில்லிமீற்றர் ஆங்கிள் இரும்பு இரண்டைத் திருகாணியால் முடுக்கினேன். 8 என்பது 3 ஆனது. அந்த மூன்றோடு வாழலாம். விலை கூடிய வாத்தியங்களிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

கார்த்திகை பிறந்தது. மாரி தொடங்கினால் கடலோரத்தில் இருக்கும் எங்கள் அலஸ்தோட்டத்தில் காற்றே உப்புத்தான், சன்னல் கொண்டிகூட ஒரு மாதத்தில் துருவேறிவிடும். வாத்தியத்தைப் பெட்சீற்றால் மூடிவிட்டு விட்டேன். தைப்பொங்கலுக்கு எடுத்து மிதித்தால், திரும்பவும் இடத்துக்கு வரவில்லை. ஆனால் இந்த முறை தாழ்வாக இல்லை, 20 சென்ட் மேலே நின்றது. தலைப்பக்கத்தைத் தட்டினேன், "டிக்" இல்லை. இங்கேதான் ஒன்றரை வருடப் பாடம் கைகொடுத்தது. தாழ்ந்து நின்றால் பிழை தலைப்பக்கத்தில். உயர்ந்து நின்றால் வாலில். விரல் தடுப்புவரை வந்து முட்டவில்லை, நடுவழியில் நிற்கிறது. விரலைக் கையால் தள்ளினேன், சுரம் சரியானது.

அச்சைக் கழற்ற முடியவில்லை. மரச்சுத்தியலால் தட்டி எடுத்தேன். ஸ்டெயின்லெஸ் அச்சு புதிது போல இருந்தது. அலுமினியத் துளைகளுக்குள் மட்டும் வெள்ளை மாவு, சுண்ணாம்பு பூசியது போல. படகு எஞ்சின் திருத்தும் தம்பி ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அலுமினியத்தையும் ஸ்டெயின்லெஸ்ஸையும் உப்புல ஒட்டவிட்டா அலுமினியம்தான் போகும் அண்ணே. எங்கட எஞ்சின்ல எத்தினை பார்த்திட்டம்." இடையில் ஏதாவது போடவேண்டும்.

துளைகளைப் பெருப்பித்து நைலோன் புஷ் போடத் தீர்மானித்தேன். நானா அதற்கும் ஒரு எச்சரிக்கை வைத்திருந்தார்: "நைலோன் தண்ணி குடிக்கும் தம்பி. இறுக்கமா விட்டா மழையில வீங்கிப் பிடிச்சிடும்." 0.1 மில்லிமீற்றர் தளர்வாக ரீமர் விட்டு, படகுக்காரர்கள் பாவிக்கும் நீலக் கிரீஸை மெல்லிதாகப் பூசி மாட்டினோம். தளர்வால் விரல் ஆடாதா என்று பயந்தேன். தந்தியின் இழுவை விரலை எப்போதும் ஒரே பக்கமாக அமர்த்திப் பிடித்துக்கொள்வதால் ஆடவில்லை.

இரண்டாவது மாரியும் போய்விட்டது. போன கிழமை மூடியைத் திறந்து எட்டுத் தந்தியையும் பார்த்தேன். ஏழு தந்தி 2 சென்டுக்குள் வந்தன. எட்டாவது அந்த 11. சரி பார்க்க மிதித்தபோது விரலின் வளைவில் அறுந்து கன்னத்தில் அடித்தது. அது இந்த வருடத்தில் நாலாவது. கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்கிறேன்.

இறக்கும் நெம்புகோலுக்காக இன்னொரு எட்டு விரலுக்கு அலுமினியம் வாங்கி வைத்தாயிற்று. நானா கண் ஒப்பரேஷன் முடிந்து வரட்டும்.